5ஆம் நூற்றாண்டைக் கட்டியவர் யார்? ரோமின் சாந்தா சபீனா ஆலயத்தை முன்வைத்து

1. கேள்வி

ரோமில் டைபர் ஆற்றங்கரையிலிருந்து அவெந்தீனோ குன்றின் மேல் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே குவிமாடத்தை இரண்டு முறை பார்க்கத்தான் போகிறார்கள். ஆரஞ்சுத் தோட்டத்தின் கைப்பிடிச் சுவரருகே நின்று புனித பேதுரு பேராலயத்தின் குவிமாடத்தைப் பார்ப்பது முதல் முறை. சற்றுத் தள்ளி, மால்டா வீரத்துறவியர் மாளிகைக் கதவின் சாவித் துவாரத்தில் கண்ணை வைத்து அதையே பார்ப்பது இரண்டாம் முறை. இவ்விரண்டு இடங்களுக்கும் நடுவே நெடிய செங்கல் சுவரோடு நிற்கிறது சாந்தா சபீனா ஆலயம். வெளிப்புறம் யாரையும் நிறுத்திவைக்காது. உள்ளே நுழைந்தால் கதை வேறு. பக்கத்துக்கு 12 ஆக 24 கொரிந்தியத் தூண்கள் சீராக ஓடுகின்றன. அவற்றின் மேல் வளைவுகள். வளைவுகளுக்கு மேல் பெரிய சாளரங்கள். சாளரங்களில் கண்ணாடிக்குப் பதிலாகச் செலெனைட் என்னும் கனிமத் தகடு பதித்திருப்பதால், வெயில் பால் கலந்ததுபோல் வடிந்து இறங்குகிறது. பரோக் பாணியின் பொன் பூச்சும் பறக்கும் தேவதூதர்களும் நிறைந்த ரோமாபுரி ஆலயங்களைப் பார்த்துச் சலித்த கண்ணுக்கு இந்த வெறுமை ஆறுதலாக இருக்கும்.

தொடக்ககாலக் கிறிஸ்தவர்களின் பசிலிக்கா எப்படி இருந்தது என்று விளக்கும் கலை வரலாற்று நூல்கள் பலவும் இந்த உட்புறத்தின் புகைப்படத்தையே எடுத்துக்காட்டாகத் தருகின்றன. 4ஆம் நூற்றாண்டில் பேரரசன் கான்ஸ்தந்தீன் கட்டிய லாத்தரன் பேராலயம் உருமாறிவிட்டது. அவன் காலத்துப் பழைய பேதுரு பேராலயம் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் இடிக்கப்பட்டது. சாந்தா சபீனா மட்டும் கட்டிய கோலத்திலேயே தப்பிப் பிழைத்தது என்பது பரவலான எண்ணம்.

இந்த எண்ணத்தைச் சோதிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இங்கே நாம் காண்பதில் 5ஆம் நூற்றாண்டு எவ்வளவு, 20ஆம் நூற்றாண்டு எவ்வளவு? இக்கேள்விக்கு விடை தேடும்போது, பழமை என்பது தப்பிப் பிழைத்துக் கைக்கு வருவது மட்டும்தானா, தேர்ந்தெடுத்துச் செய்யப்படுவதும் உண்டா என்ற பெரிய கேள்வியும் உடன் வருகிறது.

2. கல்வெட்டும் கதையும்

கட்டியவரைப் பற்றிய சான்று ஆலயத்துக்குள்ளேயே இருக்கிறது. வாசலுக்கு மேலே உட்சுவரில், நீலப் பின்னணியில் பொன்னிற எழுத்துகளால் ஆன ஒரு மொசைக் கல்வெட்டு ஓடுகிறது. லத்தீன் செய்யுள் நடையில் அமைந்த 7 அடிகள். செலஸ்தீன் திருத்தந்தையாக இருந்த காலத்தில், இல்லீரியா நாட்டைச் சேர்ந்த பேதுரு என்னும் குரு இதை நிறுவினார் என்பது அதன் செய்தி. ஏழைகளுக்கு வாரிக் கொடுத்தவர், தனக்கென்று எதையும் வைத்துக்கொள்ளாதவர் என்று அவரை அது புகழ்கிறது. செலஸ்தீனின் ஆட்சிக்காலம் 422 முதல் 432 வரை. பணி நிறைவுற்றது அடுத்து வந்த மூன்றாம் சிக்ஸ்துவின் காலத்தில் (432–440) என்று திருத்தந்தையர் வரலாற்றுத் தொகுப்பான 'லீபெர் பொந்திஃபிகாலிஸ்' கூறுகிறது. தேதியில் ஆய்வாளர்களிடையே பெரிய பிணக்கு இல்லை.

பிணக்கு பெயரில் இருக்கிறது. ஆலயம் யாருடைய பெயரைத் தாங்கி நிற்கிறதோ அந்தச் சபீனாவைப் பற்றிக் கல்வெட்டில் ஒரு சொல்கூட இல்லை. பிற்கால மரபுக் கதையின்படி சபீனா ஒரு ரோமானியச் சீமாட்டி. சிரியாவிலிருந்து வந்த செராபியா என்னும் அடிமைப் பெண்ணால் மனம் மாறி, பேரரசன் ஹாட்ரியன் காலத்தில் உயிர் துறந்தவள். அவளுடைய வீட்டில்தான் கிறிஸ்தவர்கள் மறைவாகக் கூடினார்கள், அந்த வீட்டின் மேல்தான் ஆலயம் எழுந்தது என்பது கேட்பதற்கு இனிய தொடர்ச்சி. இந்தத் தொடர்ச்சிக்கு ஆய்வுலகிலும் ஆதரவு இருந்தது. ரோமின் மிகப் பழைய பங்கு ஆலயங்கள் 'தீத்துலுஸ்' எனப்பட்டன. அவற்றில் பல, மறைவாக வழிபட்ட காலத்து வீட்டு ஆலயங்களின் வாரிசுகள் என்று யோஹன் பேதர் கிர்ஷ் 1918இல் வெளியான தம் நூலில் வாதிட்டார்.

பின்வந்தவர்கள் இதை ஏற்கவில்லை. ஷார்ல் பியெத்ரி உள்ளிட்ட ஆய்வாளர்கள், 'தீத்துலுஸ்' என்ற சொல் ஓர் ஆலயத்துக்கு எழுதிவைக்கப்பட்ட சொத்தையும் அதன் உரிமையையும் குறிப்பது என்றும், இந்த ஆலயங்களிற் பெரும்பாலானவை 4, 5ஆம் நூற்றாண்டுகளில் கொடையாளர்களின் பணத்தால் புதிதாக எழுந்தவை என்றும் காட்டினார்கள். ரோமில் கூடிய இரு சங்கங்களின் கையொப்பப் பட்டியல்கள் இதற்குத் துணை நிற்கின்றன. 499ஆம் ஆண்டுப் பட்டியலில் இந்த ஆலயம் வெறும் 'சபீனாவின் ஆலயம்'. 595ஆம் ஆண்டுப் பட்டியலில் அது 'புனித சபீனாவின் ஆலயம்' ஆகிவிடுகிறது. இதே மாற்றம் வேறு பல ஆலயங்களின் பெயர்களிலும் நிகழ்ந்திருக்கிறது. நிலம் கொடுத்தவரின் பெயரோ பணம் கொடுத்தவரின் பெயரோ நூறாண்டுக்குள் புனிதரின் பெயராக மாறியது. பிறகு அந்தப் புனிதருக்கு ஒரு வாழ்க்கை வரலாறு தேவைப்பட்டது என்று கொள்வதே இந்தச் சான்றுகளுக்குப் பொருந்தும்.

1855–57இலும் 1936–39இலும் ஆலயத்தின் அடியிலும் அருகிலும் அகழ்ந்தவர்களுக்கு நகரின் பழைய மதிற்சுவரும் பல காலத்து வீடுகளின் சுவர்களும் கிடைத்தன. அங்கே கிறிஸ்தவ வழிபாடு நடந்தது என்பதற்கு உறுதியான தடயம் கிடைக்கவில்லை. கீழே வீடுகள் இருந்தன என்பது உண்மை. அவற்றுள் ஒன்று சபீனாவின் வீடு என்பது நம்பிக்கை. இரண்டும் ஒன்றல்ல.

கட்டிய காலத்தின் சூழலையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். 410இல் அலாரிக்கின் தலைமையில் விசிகோத்தியர் ரோமைச் சூறையாடினார்கள். அப்போது அவெந்தீனோ செல்வர்கள் வாழ்ந்த குன்று. புனித எரோணிமுவின் நண்பரும் அங்கே துறவு வாழ்வு வாழ்ந்தவருமான மார்செல்லா என்னும் சீமாட்டியைக் கொள்ளையர்கள் அடித்துத் துன்புறுத்தியதை எரோணிமுவின் கடிதம் ஒன்று சொல்கிறது. அந்தச் சூறையாடல் முடிந்து 12 ஆண்டுகளுக்கும் 22 ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில், அதே குன்றின் மேல், அயல்நாட்டிலிருந்து வந்த ஒரு குரு இவ்வளவு பெரிய ஆலயத்தை எழுப்பத் தொடங்கியிருக்கிறார். தூண்கள் அவர் செதுக்குவித்தவை அல்ல. ஏதோ ஒரு பழைய ரோமானியக் கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்தவை. பழைய தூண்களை மீண்டும் பயன்படுத்துவது அன்று வழக்கம். ஆனால் பிற ஆலயங்களில் உயரமும் நிறமும் வேறுபட்ட தூண்கள் கலந்து நிற்க, இங்கே 24உம் ஒரே குடும்பத்தவை. இவை அருகிலிருந்த ஜூனோ ரெஜினா கோயிலின் தூண்கள் என்று சொல்வதுண்டு. அதற்கு நேரடிச் சான்று இல்லை.

தூண்களை இணைக்கும் வளைவுகளின் மேல், பல நிறக் கற்களை வெட்டிப் பொருத்திய வேலைப்பாட்டில், இரசக் கிண்ணமும் அப்பத்தட்டுமாகத் தோன்றும் வடிவங்கள் வரிசையாக உள்ளன. கல்வெட்டின் இருபுறமும் கையில் விரித்த நூலுடன் இரு பெண்கள் நிற்கிறார்கள். ஒருத்தி 'விருத்தசேதனத்தாரிடமிருந்து வந்த திருச்சபை'. மற்றவள் 'பிற இனத்தாரிடமிருந்து வந்த திருச்சபை'. யூதரிடமிருந்தும் பிறரிடமிருந்தும் கிளைத்த இரு மரபுகளைச் சரிநிகராக நிறுத்திய இந்த மொசைக்கும், கல்வெட்டும், தூண்களும், வளைவுக் கல் வேலையும் பேதுருவின் காலத்தவை என்பதில் ஐயமில்லை. கலை வரலாற்றறிஞர் ரிச்சர்டு கிராத்ஹைமர், மூன்றாம் சிக்ஸ்துவின் காலத்தை ரோமில் செவ்வியல் அழகியல் மறுபடி தலையெடுத்த காலமாகக் கண்டார். சூறையாடப்பட்ட நகரம் தன் பழைய பெருமையைக் கிறிஸ்தவ உடையில் மீட்டுக்கொண்டது என்ற அவருடைய வாசிப்புக்கு இந்த ஆலயமும் ஒரு தூண்.

3. இடையில் நடந்தவை

பாடநூல்களின் பார்வையில் 432க்கும் இன்றைக்கும் இடையே ஒன்றும் நடக்கவில்லை. ஆலயத்தின் பார்வையில் நிறைய நடந்தது.

9ஆம் நூற்றாண்டில், திருத்தந்தை ஆவதற்குமுன் இதே ஆலயத்தின் தலைமைக் குருவாக இருந்த இரண்டாம் யூஜின் (824–827) இதைப் புதுப்பித்தார். அலெக்சாந்தர், எவென்சியுஸ், தெயோதுலுஸ் ஆகிய மறைசாட்சியரின் திருப்பண்டங்களை இங்கே கொணர்ந்தார். பாடகர் குழு நிற்பதற்காகப் பலிபீடத்தின் முன்னே செதுக்குவேலை நிறைந்த பளிங்குப் பலகைகளால் ஓர் அடைப்பு எழுந்தது. அதன்பின் குன்றின் மேல் கோட்டை வந்தது. 13ஆம் நூற்றாண்டில் அது சவெல்லி குடும்பத்தின் கைக்குள் இருந்தது. அக்குடும்பத்தவர் என்று மரபு கூறும் திருத்தந்தை மூன்றாம் ஹொனோரியுஸ், தமிழ்க் கத்தோலிக்கர் சாமிநாதர் என்று அழைக்கும் புனித தொமினிக்கின் புதிய சபைக்கு இந்த ஆலயத்தைக் கொடுத்தார். தாமஸ் அக்குவினாஸ் 1265இல் இங்கே வந்து இளம் துறவியருக்குக் கற்பித்தார். தம் 'சும்மா தெயோலோகியே'யை எழுதத் தொடங்கியதும் ரோமில் இருந்த அந்த நாள்களில்தான். 1287இல் திருத்தந்தை நான்காம் ஹொனோரியுஸ் இங்கேயே இறந்தார். அடுத்த திருத்தந்தையைத் தேர்ந்தெடுக்கக் கூடிய கர்தினால்களில் 6 பேர் காய்ச்சலுக்குப் பலியாயினர். தேர்தல் 1288 பிப்ரவரி வரை இழுத்தது.

அடுத்த பெரிய மாற்றம் 1587இல். ஐந்தாம் சிக்ஸ்துவின் கட்டடக் கலைஞர் தொமெனிக்கோ ஃபொந்தானா, பாடகர் அடைப்பைப் பிரித்துப்போட்டு, சாளரங்கள் பலவற்றை அடைத்து, பீடத்தை மாற்றியமைத்தார். இதை அழிவுவேலை என்று எழுதுவது வழக்கம். அந்தத் தீர்ப்பு அவசரமானது. திரெந்து பொதுச்சங்கத்துக்குப் பின்வந்த தலைமுறை, கூடியிருக்கும் மக்கள் பீடத்தைத் தடையின்றிப் பார்க்க வேண்டும் என்று விரும்பியது. சிக்ஸ்து தவக்கால ஆலயப் பவனிகளுக்கு மீண்டும் உயிரூட்ட முயன்றவர். தவக்காலத்தின் முதல் நாளான சாம்பல் புதனுக்குரிய ஆலயம் சாந்தா சபீனா. பவனியாக வரும் திருத்தந்தைக்கும் திரளும் மக்களுக்கும் இடம் வேண்டியிருந்தது. ஃபொந்தானாவுக்கு இந்த ஆலயம் அருங்காட்சியகம் அல்ல. அடுத்த தவக்காலத்தில் பயன்பட வேண்டிய வீடு.

அவர் விட்டுச்சென்ற தடம் ஒரு கதைக்குள்ளும் நுழைந்துவிட்டது. வாசலுக்கருகே குட்டையான தூண் ஒன்றின் மேல் வழுவழுப்பான கருங்கல் ஒன்று இருக்கிறது. இரவில் செபித்துக்கொண்டிருந்த தொமினிக்கின் மேல் சாத்தான் எறிந்த கல் அது. குறி தவறிப் பளிங்குப் பலகையை உடைத்தது என்பது கதை. கல் ரோமானியர் காலத்து எடைக்கல். பலகை உடைந்தது 1587இல், மறைசாட்சியரின் கல்லறையை இடம் மாற்றியபோது. கட்டடக் கலைஞரின் கைத்தவறு சாத்தானின் கணக்கில் எழுதப்பட்டதைப் பார்க்கும்போது, ஓர் ஆலயத்தில் கல்லைப் போலவே நினைவும் இடம் மாற்றி வைக்கப்படுகிறது என்பது விளங்கும்.

4. முனியோஸின் திருப்பணி

1870இல் ரோம் இத்தாலிய அரசின் கைக்கு வந்தபின் துறவு மடங்களின் சொத்துகள் பலவும் அரசுடைமையாயின. சாந்தா சபீனா மடமும் அவற்றுள் ஒன்று. 1914இல் கலை வரலாற்றறிஞர் அந்தோனியோ முனியோஸின் தலைமையில் ஆலயத்தில் பணி தொடங்கியது. 1914–19, 1936–38 என இரு கட்டங்களில் அது நடந்தது. இன்று நாம் காணும் உட்புறம் அந்த இரு கட்டங்களின் விளைவு.

அவர் செய்தவற்றை மூன்று தரமாகப் பிரித்துப் பார்த்தால் கேள்வி தெளிவாகும்.

முதலாவது, தப்பிப் பிழைத்தவை. சுவர்கள், தூண்கள், வளைவுக் கல் வேலை, கல்வெட்டும் இரு பெண்களும், பிறகு பேசவிருக்கும் மரக்கதவு ஆகியன. முனியோஸ் இவற்றின் மேலிருந்த பூச்சையும் தூசியையும் நீக்கினார். இவற்றின் தொன்மை அவருடைய தயவில் இல்லை.

இரண்டாவது, மீட்டெடுத்தவை. அடைபட்டுக் கிடந்த சாளரங்களின் வளைவுகள் செங்கல் சுவருக்குள்ளேயே இருந்தன. அடைப்பை நீக்கியதும் பழைய திறப்புகள் வெளிப்பட்டன. பாடகர் அடைப்பின் பளிங்குப் பலகைகளைத் திரட்டி மீண்டும் நிறுத்தினார். இங்கே பொருள் பழையது. அதை அடுக்கிய கை புதியது.

மூன்றாவது, புதிதாகச் செய்தவை. சாளரங்களின் பின்னல் சட்டங்கள், கிடைத்த பழைய துண்டுகளை மாதிரியாகக் கொண்டு வார்க்கப்பட்டவை. பீடத்துக்கு முன்னுள்ள பெருவளைவின் மேல் வட்டங்களுக்குள் காணும் முகங்கள், 17ஆம் நூற்றாண்டு அறிஞர் ஜொவான்னி சம்பீனி தம் நூலில் பதிப்பித்த வரைபடத்தைப் பார்த்து 20ஆம் நூற்றாண்டில் தீட்டப்பட்டவை. சம்பீனி பார்த்த மொசைக் இன்று இல்லை. தலைக்கு மேலே தெரியும் மரக் கூரைக் கட்டங்கள் 1930களின் வேலை.

இப்படிப் பிரித்ததும் ஓர் உண்மை புலப்படுகிறது. ஆலயத்தின் எலும்பு 5ஆம் நூற்றாண்டுக்கு உரியது. ஆனால் பார்வையாளரைப் பேச்சிழக்கச் செய்யும் அந்தச் சூழலின் பெரும்பகுதி, குறிப்பாக அந்த வெளிச்சம், முனியோஸ் திறந்தும் வார்த்தும் தந்தது.

மேலும் ஒரு முரண் உண்டு. முனியோஸ் மீட்டது எந்த நூற்றாண்டை? தூண்கள் 5ஆம் நூற்றாண்டுக்குரியவை. பாடகர் அடைப்பு 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பீடத்தின் பின்னுள்ள அரைவட்ட மாடத்தின் ஓவியம் தத்தேயோ சூக்காரி 16ஆம் நூற்றாண்டின் நடுவில் வரைந்தது. 19ஆம் நூற்றாண்டில் வின்சென்சோ கமூச்சினி அதன் மேல் மறுபடி தூரிகை ஓட்டியிருக்கிறார். கூரை 20ஆம் நூற்றாண்டினது. இவை யாவும் ஒருங்கே நின்ற ஒரு நாள் வரலாற்றில் இருந்ததில்லை; 1938தான் அந்த முதல் நாள்.

சூக்காரியின் ஓவியத்தை முனியோஸ் ஏன் விட்டுவைத்தார் என்பதும் சிந்திக்கத்தக்கது. சீடர்கள் புடைசூழக் குன்றின் மேல் அமர்ந்த கிறிஸ்து, அடியில் ஆட்டுக்குட்டிகள் என்ற அந்த அமைப்பு, அங்கே முன்பிருந்த மொசைக்கைப் பின்பற்றியது என்று கருதப்படுகிறது. ஆகவே பிற்கால வேலையாயினும் முற்காலச் சாயல் அதைக் காப்பாற்றியது. பரோக் பாணி முற்றிலும் வெளியேறவும் இல்லை. லவீனியா ஃபொந்தானா என்னும் பெண் ஓவியர் 1600ஐ ஒட்டித் தீட்டிய புனித யாசிந்துவின் காட்சி ஒரு பக்கச் சிற்றாலயத்தில் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் சியன்னா கத்தரீனாவுக்கு அமைத்த சிற்றாலயம் தன் முழு அலங்காரத்தோடு எஞ்சியிருக்கிறது. நடுக்கூடத்தில் நின்று பார்க்கும் கண்ணுக்கு இவை எளிதில் படுவதில்லை. பிற்காலம் அழிக்கப்படவில்லை, ஒதுக்கிவைக்கப்பட்டது.

5. கதவு என்னும் தனிச் சாட்சி

முனியோஸ் மாற்றியமைக்காத ஒரு பெரும் சான்று முன்மண்டபத்தில் இருக்கிறது. சைப்ரஸ் மரத்தால் ஆன அந்தக் கதவு ஏறத்தாழ 430ஐச் சேர்ந்தது. முதலில் 28 செதுக்குப் பலகைகள் இருந்தன. இன்று எஞ்சியவை 18. அக்காலத்து மரவேலை இவ்வளவு பெரிய அளவில், இவ்வளவு விரிவாகத் தப்பியது மிக அரிது. எரியும் புதரின் முன் மோசே, நெருப்புத் தேரில் ஏறும் எலியா, தேவதூதன் தலைமுடியைப் பற்றித் தூக்கிச் செல்லும் அபக்கூக்கு, கிறிஸ்துவின் புதுமைகள் என்று பழைய ஏற்பாடும் புதிய ஏற்பாடும் அதில் எதிரெதிரே பேசிக்கொள்கின்றன.

உலகம் அறிந்த பலகை, இடப்பக்கம் உச்சியில் இருக்கும் சிறியதொன்று. கழுத்தை வளைத்து அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும். மூன்று உருவங்கள்: நடுவில் பெரிதாகக் கிறிஸ்து, இருபுறமும் சிறிதாகக் கள்வர்கள். கைகள் பக்கவாட்டில் விரிந்திருக்கின்றன. பின்னே செங்கற்சுவர் போன்ற கட்டடம். சிலுவை ஏறக்குறைய மறைந்தே இருக்கிறது. சிலுவைச்சாவைப் பொது வழிபாட்டிடத்தில் காட்டிய, நமக்குக் கிடைத்த மிகப் பழைய சித்திரம் இதுவே என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது.

சிலுவை ஏன் மறைந்திருக்கிறது? அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் உரிய இழிசாவை வெளிப்படையாகக் காட்டக் கிறிஸ்தவர்கள் கூசினார்கள் என்பது பழைய விளக்கம். 200ஐ ஒட்டிய காலத்ததாகக் கருதப்படும் பலத்தீன் குன்றின் சுவர்க்கிறுக்கல் ஒன்று, சிலுவையில் தொங்கும் கழுதைத் தலை மனிதனை ஒருவன் வணங்குவதாகக் கேலி செய்கிறது. அந்தக் கேலியின் காயம் நூற்றாண்டுகள் ஆறவில்லை என்பர். இவ்விளக்கத்துக்குத் தடை ஒன்று உண்டு. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள, இதே காலத்து யானைத்தந்தப் பேழைத் துண்டு ஒன்று சிலுவையை ஒளிக்காமல், அருகிலேயே தூக்கில் தொங்கும் யூதாசையும் சேர்த்துக் காட்டுகிறது. ஃபெலிசிட்டி ஹார்லி-மெக்கவன் போன்ற ஆய்வாளர்கள் இத்தகைய சிறு பொருள்களை வைத்து, கிறிஸ்தவக் கலை சிலுவைச்சாவை அறவே தவிர்த்தது என்ற பழைய கருத்தைத் திருத்தியிருக்கிறார்கள். கதவின் சிற்பிக்குக் கூச்சத்தைவிட வேறொரு நோக்கம் இருந்திருக்கலாம். விரிந்த கைகள் தொங்குபவனின் கைகளாக இல்லை. அன்றைய கிறிஸ்தவர்கள் நின்று செபித்த தோரணையில் உள்ளன. கண்கள் திறந்திருக்கின்றன. சாவைக் காட்டுவதைவிடச் சாவை வென்றவரைக் காட்டுவதே அங்கே முதன்மை என்று கொள்வது பலகையின் உருவ அமைப்புக்குப் பொருந்துகிறது.

ஆயினும் இந்தக் கதவையும் கலப்பற்ற சாட்சி என்று கொள்ள முடியாது. 10 பலகைகள் இல்லாமற்போனபின் எஞ்சியவை முதலில் இருந்த வரிசையில்தான் இருக்கின்றனவா என்பது தீராத விவாதம். எது எதற்கு எதிரே இருந்தது என்று தெரியாமல், கதவு முழுவதும் என்ன சொல்ல வந்தது என்பதை உறுதியாகக் கூற முடியாது. 19ஆம் நூற்றாண்டில் பழுதுபார்த்தவர்களும் கை வைத்திருக்கிறார்கள். செங்கடலில் மூழ்கும் பார்வோனுக்கு அவர்கள் நெப்போலியனின் முகத்தைக் கொடுத்துவிட்டார்கள் என்று சொல்லப்படுவதுண்டு. கோபுரங்கள் கொண்ட கட்டடத்தின் முன் நிற்கும் ஒருவரை மக்கள் வாழ்த்துவதாக அமைந்த இன்னொரு பலகை, ஆலயத்தில் காட்சி கண்ட செக்கரியாவா, அரசர் ஒருவரா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. சிற்பம் பழையது, அதன் இலக்கணம் பாதி தொலைந்துவிட்டது.

6. இரு தரப்பும்

முனியோஸைக் குறை கூறுவது இன்று எளிது. 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம், ஒரு கட்டடத்துக்கு எல்லாக் காலங்களும் அளித்த தகுதியான பங்களிப்புகளை மதிக்க வேண்டும் என்றும், பாணி ஒருமைப்பாடு மீட்டமைப்பின் இலக்கு அல்ல என்றும் வகுத்தது. அந்த அளவுகோலில் சாந்தா சபீனா தேறாது. முனியோஸின் மற்றப் பணிகளும் அவருக்கு எதிராகப் பேசும். முசோலினி ஆட்சியில் ரோமின் பழஞ்சின்னங்களைச் சுற்றியிருந்த குடியிருப்புகளை இடித்துப் பெருஞ்சாலைகள் திறந்தபோது, நகராட்சியின் தொல்பொருள் துறைக்குப் பொறுப்பாக இருந்தவர் அவர். பேரரசின் ரோமை இடைக்கால ரோமிடமிருந்து 'விடுவிப்பது' என்ற அன்றைய பேச்சுக்கும், பசிலிக்காவை பரோக்கிடமிருந்து விடுவிப்பதற்கும் உறவில்லை என்று சொல்ல முடியாது.

ஆனால் அந்த உறவை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுதினால் காலக்கணக்கு இடறும். ஆலயத்தின் முதற்கட்டப் பணி 1919இல் முடிந்தது. முசோலினி ஆட்சிக்கு வந்தது 1922இல். தூய்மையான தொடக்கத்தைத் தேடும் அவா அரசியலைவிட மூத்தது. பிரான்சில் கட்டடக் கலைஞர் வியொலே லெ துக் 19ஆம் நூற்றாண்டிலேயே அதற்கு வடிவம் கொடுத்திருந்தார். முனியோஸுக்கு ஆதரவாக மற்றொன்றும் சொல்ல வேண்டும். சாளரங்களின் பழைய திறப்புகள் சுவரிலேயே இருந்தன; அவர் கற்பனையில் துளைக்கவில்லை. அவற்றைத் திறந்ததால்தான் பேதுரு என்னும் குரு எவ்வளவு வெளிச்சம் கேட்டார் என்பது நமக்குத் தெரிகிறது. அடைத்து வைத்திருந்தால் ஃபொந்தானாவுக்கு நியாயம் கிடைத்திருக்கும், பேதுருவுக்குக் கிடைத்திருக்காது.

ஆக, சிக்கல் முனியோஸின் கையில் இருப்பதைவிட நம் வாசிப்பில் அதிகம் இருக்கிறது. அது ஒரு வட்டமாகச் சுழல்கிறது. தொடக்ககால பசிலிக்கா எளிமையானது, ஒளி மிகுந்தது, அலங்காரம் குறைந்தது என்ற கருத்து முதலில் அறிஞர்களிடம் இருந்தது. அக்கருத்தின்படி ஆலயம் சீரமைக்கப்பட்டது. சீரமைத்த ஆலயத்தின் புகைப்படம் பாடநூலில் ஏறியது. பிறகு அந்தப் புகைப்படமே அக்கருத்துக்குச் சான்றாயிற்று. உண்மையில் 5ஆம் நூற்றாண்டில் இந்த ஆலயம் எளிமையாக இருந்ததா என்பதே ஐயத்துக்குரியது. மாடத்திலும் பெருவளைவிலும் மொசைக் மின்னியது. வாசற்சுவரில் இன்று எஞ்சியிருப்பது கல்வெட்டும் இரு பெண்களும் மட்டுமே. அவர்களுக்கு மேலே திருத்தூதர்கள் பேதுருவும் பவுலும், நற்செய்தியாளர் நால்வரின் அடையாளங்களும் இருந்தன என்பதைச் சம்பீனியின் வரைபடம் காட்டுகிறது. நாம் எளிமை என்று வியப்பதில் ஒரு பகுதி, உதிர்ந்துபோன பொன்னின் வெற்றிடம்.

7. முடிவாக

சாந்தா சபீனா போலி என்பது இக்கட்டுரையின் முடிவு அல்ல. அதன் சுவரும் தூணும் கல்வெட்டும் கதவும் 5ஆம் நூற்றாண்டின் முதல்தரச் சான்றுகள். ஆனால் அவற்றைக் கூட்டி ஒரே காட்சியாக நிறுத்தியது 20ஆம் நூற்றாண்டு. தப்பியது, மீட்டது, செய்தது என்ற மூன்றையும் பிரித்தறியாமல் அந்தக் காட்சியை அப்படியே சான்றாகக் கொள்ளும்போதுதான் பிழை நுழைகிறது. 5ஆம் நூற்றாண்டைக் கட்டியவர் யார் என்ற கேள்விக்கு, இல்லீரியப் பேதுரு என்றும் அந்தோனியோ முனியோஸ் என்றும் இரு பெயர்களைச் சேர்த்தே சொல்ல வேண்டும். அடைத்து வைத்ததன் மூலம் சாளரங்களின் வளைவுகளைச் சுவருக்குள் காத்துத் தந்த ஃபொந்தானாவை மூன்றாவதாகச் சேர்த்தாலும் தவறில்லை.

சாம்பல் புதன் மாலையில் திருத்தந்தை அருகிலுள்ள சாந்த் அன்செல்மோ ஆலயத்திலிருந்து பவனியாக வந்து இங்கே திருப்பலி நிறைவேற்றுவது இன்றும் மரபு. அன்று வருகிறவர்களுக்கு எந்தத் தூண் எந்த நூற்றாண்டு என்பது பொருட்டல்ல. நெற்றியில் சாம்பல் வாங்கி வெளியேறும் வழியில், தலைக்கு மேலே அந்த 7 அடிகள் இருக்கின்றன. அவற்றை எழுதியவர், வாசிப்பவர் ஏற்கெனவே வியந்து நிற்கிறார் என்று வைத்துக்கொண்டே பேசுகிறார். இங்கே நீ வியந்து பார்ப்பவற்றை நிறுவியவர் இன்னார் என்று பொருள்பட அவருக்குப் பேதுருவைக் காட்டுகிறார். வியப்பு வரும் என்று அவர் எண்ணியது சரி. இன்று வியக்கிறவர் பார்ப்பவற்றுள் பேதுரு கண்டிராதவையும் இருக்கின்றன என்பதை மட்டும், கல்வெட்டு முடியும் இடத்திலிருந்து நாம் தொடர்ந்து படித்துக்கொள்ள வேண்டும்.